தெரு மாப்பிள்ளைமாரின் குரல்

எங்கள் தெருவில் ஒன்பது பெண்களுக்கு என் மாப்பிள்ளைதான் மாப்பிள்ளை. பதற வேண்டாம், போனில் மட்டும். காயல்பட்டினத்துக்காரர்களிடம் சொன்னால், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்பார்கள். ஆம்பிளைகள் ஷார்ஜாவிலும் தம்மாமிலும் இருப்பார்கள். அவர்கள் ஊரில் வாங்கிய சிம் மட்டும் இங்கே பெண்டாட்டியிடம் இருக்கும். பேங்கில் கொடுத்த நம்பர் அதுதான். ஓடிபி வந்தால் அவள் பார்த்து வாட்ஸப்பில் தட்டிவிடுவாள். பேங்க் ஆள் போனில் பேசினால்தான் சிக்கல். கணக்குக்காரரோடு மட்டும்தான் பேசுவோம் என்று ஒற்றைக் காலில் நிற்பார்கள். அந்த நேரத்துக்கு ஓர் ஆம்பிளைக் குரல் வேண்டுமே. எங்கள் தெருவில் அந்தக் குரல் என் புருஷன் வாவுவுடையது.

வாவு தம்மாமில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். என் உம்மா படுக்கையில் விழுந்த வருஷம் லீவில் வந்தார், உம்மா மௌத்தான பிறகும் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு முன்னாலேயே ரீசார்ஜ் கடை போட்டு ஒரு ஜெராக்ஸ் மெஷினும் வாங்கி வைத்தார். நல்ல கனத்த குரல் அவருக்கு. ஸலாம் சொன்னாலே ஏதோ உத்தரவு போடுகிறார் என்று நினைக்கத் தோன்றும். வீட்டுக்குள் அந்த உத்தரவெல்லாம் என்னிடம் செல்லாது, அது வேறு கதை.

இந்தக் குரல் வேலை தொடங்கியது ருமைஸாவால். அவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுடைய மாப்பிள்ளை ஹுதைஃபா ஷார்ஜாவில் ஒரு பெரிய பிளாண்டில் வேலை பார்த்தான். பிள்ளை பிறந்த மறுநாளே மஞ்சள் காமாலை என்று தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். அட்வான்ஸ் கட்டப் போனால் கார்டு வேலை செய்யவில்லை. பேங்குக்குப் போன் செய்தால் கணக்குக்காரரைப் பேசச் சொல் என்கிறான். ஹுதைஃபாவோ பிளாண்டுக்குள். அங்கே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். ருமைஸாவின் உம்மா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து அழுகிறாள். வாவு போனை வாங்கினார்.

"நான்தான் ஹுதைஃபா பேசுறேன். எம் புள்ள ஆஸ்பத்திரில கெடக்கு. என்ன வேணும் ஒங்களுக்கு, கேளுங்க."

பிறந்த தேதி கேட்டார்கள், உம்மா பேர் கேட்டார்கள், எல்லாவற்றையும் ருமைஸா பக்கத்தில் நின்று கிசுகிசுத்தாள். கார்டு திறந்தது. பிள்ளை பிழைத்தது. அல்ஹம்துலில்லாஹ். அதற்குப் பிறகு யார் வீட்டில் பேங்க் போன் வந்தாலும் பின்பக்க முடுக்குச் சந்து வழியாக ஒரு பெண் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓடி வருவாள். "வாவு காக்கா, கொஞ்சம் பேசுங்களேன்." காக்கா என்றால் எங்கள் ஊரில் அண்ணன். காக்காவும் சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டுப் போவார். ஒன்பது மாப்பிள்ளைமாருடைய பிறந்த தேதியும் அவருக்கு மனப்பாடம். என் பிறந்த தேதியைக் கேட்டுப் பாருங்கள், ரமலானுக்கு முன்னா பின்னா என்று விட்டத்தைப் பார்ப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். ஏமாற்றுக்காரப் பயல்கள் ஒருவன்கூட அவரிடம் ஜெயித்ததில்லை. "சார், உங்க ஏடிஎம் கார்டு இன்னிக்கு பிளாக் ஆயிரும்" என்று எவனாவது ஆரம்பித்தால், வாவு பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பேசுவார். "ஆகட்டும் தம்பி, நீ சாப்ட்டியா? ஒங்க உம்மா நல்லாருக்காளா? ஒன்னை இந்த வேலைக்கு அனுப்புனது அவளுக்குத் தெரியுமா?" அவன் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைக்கிறவரை விடமாட்டார். தெருப் பெண்களுக்கும் பாடம் எடுத்திருந்தார். ஓடிபியை எவனுக்கும் சொல்லாதே. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்றால் நம்பாதே, போனை வை. பாஸ்புக்கில் அச்சடித்திருக்கிற நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேள்.

இன்னொரு பழக்கமும் அவரிடம் ஊறியிருந்தது. எதிர்வீட்டுக்காரியின் மாப்பிள்ளை துபாய் ஏர்போர்ட்டில் கூடுதல் லக்கேஜுக்குக் கார்டு தேய்த்தபோது இங்கே பேங்க் போன் வந்தது. "நீங்க செஞ்சதா?" என்று கேட்டதற்கு வாவு, "தெரியலையே" என்று உண்மையைச் சொன்னார். கார்டை முடக்கிவிட்டார்கள். அந்த மனுஷன் வரிசையில் நின்று அவமானப்பட்டு, பிளைட்டையும் விட்டான். ஊருக்கு வந்ததும் கடை வாசலில் நின்று வாவுவைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டான். அன்றிலிருந்து வெளிநாட்டுச் செலவு என்று பேங்க் கேட்டால் வாவுவின் பதில் ஒன்றே ஒன்று. ஆமா, நான்தான்.

இந்த வருஷம் ஹுதைஃபா ஒரேயடியாக ஊருக்கு வருவதாக இருந்தான். கம்பெனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடு, சனிக்கிழமைக்குள் பதில் சொல் என்றது. மாட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று இருந்தான். பழைய ஒப்பந்தம் முடிந்ததால் இத்தனை வருஷ வேலைக்கான செட்டில்மென்ட் காசு கணக்குக்கு வந்துவிட்டது. மெயின் ரோட்டில் ஒரு கடை பார்த்தாயிற்று, வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். ருமைஸாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளுடைய மகள் வாப்பாவை நேரில் பார்த்தது ஒரே ஒரு லீவில்தான். போனில் வாப்பா முகம் வந்தால் பிள்ளை அதற்கு முத்தம் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடும், அவ்வளவுதான் அதற்கு வாப்பா. அந்தக் காசு இருந்தால் ஹுதைஃபா வருவான். இல்லையென்றால் கையெழுத்துப் போடுவான். இது தெருவுக்கே தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு வாவு வந்து உட்கார்ந்திருந்தார். நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். ருமைஸா போனைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"காக்கா, ஆயிரத்து அறுநூறுன்னு ஆரம்பிக்கிற நம்பர். ஹுதைஃபாவைக் கேக்குறாங்க. கார்டுல ஏதோ சந்தேகமாம்."

அவள் பேசி வைத்த அந்த நம்பர் மறுபடி அடித்தது. வாவு எடுக்கவில்லை. அடித்து ஓயட்டும் என்று விட்டார். அவளைப் பாஸ்புக் எடுத்துவரச் சொல்லி, அதில் இருந்த நம்பருக்கு அவள் போனிலிருந்தே கூப்பிட்டார். பிறந்த தேதி, உம்மா பேர், ரகசியக் கேள்வி எல்லாவற்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னார். உண்மையான பேங்க்தான். உண்மையான சந்தேகம்தான். ஸ்பீக்கரில் அந்தப் பெண் பேசியது எனக்கும் கேட்டது.

"சார், உங்க கார்டுல வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் கடை ஒண்ணுல ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு பேமென்ட் வந்திருக்கு. நிறுத்தி வச்சிருக்கோம். நீங்க செஞ்சதுதானா?"

வாவு போனைக் கையால் பொத்திக்கொண்டு ருமைஸாவைப் பார்த்தார்.

"வரும்போது டிவியும் லேப்டாப்பும் வாங்கிட்டு வருவேன்னு சொன்னாஹ காக்கா. ஆனா இவ்வளவு பெரிய தொகையா?"

"போன் போட்டுக் கேளு."

என் போனிலிருந்து போட்டாள். அணைந்திருந்தது. பிளாண்டுக்குள் போயிருப்பான். மறுபடி போட்டாள். இந்தப் பக்கம் அந்தப் பெண், "சார், லைன்ல இருக்கீங்களா? நீங்க செய்யலைன்னா கார்டை பிளாக் பண்ணிடறோம்" என்கிறாள். எனக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. "அவன் வரட்டுமே, பெறவு சொல்லலாமே" என்றேன். வாவு கையை உயர்த்தி என்னை அமர்த்தினார். துபாய் ஏர்போர்ட் அவர் கண்ணுக்கு முன்னால் வந்திருக்கும், வேறென்ன.

"ஆமா, நான்தான். விடுங்க" என்றார்.

"நன்றி சார்" என்று அவள் வைத்துவிட்டாள். ருமைஸாவுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கவில்லை, போனில் மெஸேஜ் வந்தது. அந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் போயிருந்தது. சரி, தெரிந்ததுதானே என்று பார்த்தால், அதன் பின்னாலேயே இன்னொன்று. வேறொரு கடை. கிளாஸைக் கீழே வைப்பதற்குள் மூன்றாவது. இதற்கெல்லாம் பேங்க் கேட்கவே இல்லை. சொந்தக்காரரே ஆமென்று சொன்ன பிறகு எதற்குக் கேட்பான்?

"காக்கா" என்றாள் ருமைஸா. போனை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ஹுதைஃபா. பிளாண்டை விட்டு வெளியே வந்து எங்கள் மிஸ்டு காலைப் பார்த்திருக்கிறான்.

"என்ன ராத்தா, புள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

நான் கேட்டேன். "தம்பி, டிவி கிவி ஏதாச்சும் வாங்குனியா?"

"இல்லையே. போன லீவுல எடுத்துட்டு வந்த கார்டு ரூம்ல பெட்டிக்குள்ள இக்கி. ஏன்?"

வாவு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். பேயறைந்த முகம். ஆனால் ருமைஸா என்ன செய்தாள் தெரியுமா? முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு சைபர் புகாருக்கான 1930க்கு அவளே போன் போட்டாள். "நான் அவஹ பொண்டாட்டி பேசுறேன். அவஹ வெளிநாட்ல இருக்காஹ. எங்க காசு போய்க்கிட்டிருக்கு" என்றாள். யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், புகார் நம்பர் கொடுத்தார்கள்.

வாவு அதற்குள் தன் வழிக்குப் போய்விட்டார். பழகிய கை சும்மா இருக்காதே. கார்டை நிறுத்த வேண்டும் என்று பேங்குக்கு மறுபடி போட்டார். "நான் ஹுதைஃபா பேசுறேன். அந்தப் பேமென்ட் எதுவும் நான் செய்யல."

லைனை மாற்றினார்கள். பிறகு வேறொரு ஆம்பிளை பேசினான், கொஞ்சம் கடுமையாக.

"சார், இப்பதான் நீங்களே செஞ்சதா சொல்லியிருக்கீங்க. பதிவாகியிருக்கு. அதே குரல். இப்ப இல்லைங்கறீங்க. எது சார் உண்மை?"

ஸ்டோரில் சாமான் குறைந்து கணக்கு இடித்தால்கூட அசராத வாவு, அன்றைக்குப் போனை ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றினார். "தெரியாம சொல்லிட்டேன்" என்றார். தெரியாமல் யாராவது ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கு ஆம் சொல்வார்களா? அவர்கள் கார்டை நிறுத்தினார்கள். கணக்கையும் சேர்த்து முடக்கினார்கள். மிச்சமிருந்த காசும் உள்ளே மாட்டிக்கொண்டது. கடை அட்வான்ஸ் மறுநாள் கொடுக்க வேண்டும்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பிறகு ஹுதைஃபா அங்கிருந்து நேராகவே பேங்குக்குப் போன் செய்தான். அவன் பணம், அவன் கணக்கு, அவன் குரல். உம்மா பேர் சொன்னான், பிறந்த தேதி சொன்னான். ரகசியக் கேள்வியில் மாட்டினான். உங்களுக்குப் பிடித்த ஆசிரியர் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குப் பிடித்தவர் பேரைச் சொன்னான். தப்பு. இன்னொரு பேரைச் சொன்னான். அதுவும் தப்பு. "நீங்கள் கணக்குக்காரர்தானா என்று எங்களுக்குச் சந்தேகமாக இருக்கிறது. உங்கள் குரலும் பதிவோடு ஒத்துவரவில்லை" என்று வைத்துவிட்டார்கள்.

"என்னையவே நான் இல்லைங்கிறானுவ காக்கா!" என்று அவன் போனில் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஞானதீபம் சார்னு சொல்லணும்" என்றார் வாவு மெல்ல. அது வாவுவுக்கு ஆறுமுகநேரி ஸ்கூலில் கணக்குப் பாடம் எடுத்த வாத்தியார். கேள்வி வைக்கச் சொன்ன அன்றைக்குத் தன் மனசில் வந்ததை வைத்திருக்கிறார். ஹுதைஃபா அந்த மனுஷனைக் கண்ணால் பார்த்ததில்லை.

ராத்திரி இஷா தொழுகைக்கு முன்னாலேயே விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. முடுக்கு வழியாக ஒவ்வொருத்தியாக வந்து எங்கள் அடுக்களை நிறைந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? "காக்கா, நாளைக்கு பேங்குல போயி நான்தான் பேசுனேன்னு சொல்லிராதீங்க. எங்க கணக்கையும் தோண்டுவாங்க. எங்க வீட்டுக் காசும் மாட்டிக்கும்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. இன்னொருத்தி அழவே தொடங்கிவிட்டாள். அவள் மகளுக்கு அடுத்த மாசம் கல்யாணம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இத்தன நாளும் வாவு காக்கா, வாவு காக்கான்னு வந்தீங்களே, இப்ப அவர் வாயைப் பொத்த வந்தீங்களாக்கும்?" என்று விரட்டிவிட்டேன்.

விரட்டிவிட்டு உள்ளே வந்து நானும் அதையேதான் சொன்னேன். எனக்கென்ன, பயம் இல்லையா?

"இங்க பாருங்க மச்சான், நீங்க போகக்கூடாது. ஆள்மாறாட்டம்னு போலீஸ்ல கொடுத்தா என்ன செய்வீங்க? அவன் வரட்டும், அவன் பாத்துக்கிடட்டும்."

"அவன் எங்கன வர, பதுரு? காசு இல்லன்னா சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுருவான். ஆமான்னு சொன்ன குரல் என்னோடதுன்னு நான் சொன்னாத்தான் அவன் சொல்லலைன்னு ஆகும். வேற வழி கெடையாது."

"ஒங்கள ஜெயில்ல வச்சா?"

"வச்சா சோறு கொண்டு வா" என்றார். அவரை அப்படியே அறையலாம் போல இருந்தது. "அமானிதமா, நம்பி, அவன் பேரை என்கிட்ட குடுத்தான். நான் அதை வச்சு என்ன செஞ்சிருக்கேன் பாத்தியா?" என்று சொல்லும்போது அந்தக் கனத்த குரல் உடைந்துபோனது. சண்டையை விட்டுவிட்டு, காலையில் அவர் போட்டுக்கொள்ளச் சட்டையை எடுத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே மூன்று பேரும் தூத்துக்குடி போனோம், வாவு, ருமைஸா, நான். கணக்கு அங்கேதான். பழையகாயல் தாண்டியதும் பஸ் நின்று நின்று போனது. ஹார்பர் போகிற டிரெய்லர் வரிசை. வாவு உப்பளத்தைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். துஆ ஓதுகிறார் என்று நினைத்தேன். உற்றுக் கேட்டால் மேனேஜரிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்கிறார்.

மேனேஜர் ஒரு அம்மா, ஜெபசுதா, நாசரேத்துப் பக்கம். வாவு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து, நேற்று வரைக்கும் ஒளிக்காமல் சொன்னார். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"பாய், நீங்க ஹுதைஃபாவுக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு மேடம்."

"பக்கத்து வீடா? அண்ணன் தம்பி கூட இல்லையா? இதுக்குப் பேரு என்னன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "பொண்டாட்டிகிட்ட பேசமாட்டோம்னு நீங்கதானம்மா சொல்லுறீங்க? மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தா அவ ஆரை வச்சுப் பேசுவா?"

"பேசமாட்டோம்தான் அக்கா, இல்லன்னு சொல்லல. பேசுனா கணக்கு விவரத்தை ஊர்ல எல்லாரும் கேப்பாங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஆனா எங்க ஆளு நேத்து கேட்டது ஒரே கேள்வி. அதுக்கு இந்தப் பிள்ளையே, 'எனக்குத் தெரியாது, அவர் இங்கன இல்ல'ன்னு சொல்லிட்டு வச்சிருந்தா போதும். கார்டு நின்னிருக்கும். காசு அங்கனயே கெடந்திருக்கும். ஒரு நாள் கார்டு இல்லாம அவரு கஷ்டப்பட்டிருப்பாரு, அவ்வளவுதானே?"

ருமைஸா தலையைக் குனிந்துகொண்டாள். வாவு என்னைப் பார்க்கவில்லை. வந்த போன் உண்மையா பொய்யா என்று அவர் அத்தனை சோதித்தார். எடுத்துப் பேசுகிற ஆள் உண்மையா என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஜெபசுதா மேடம் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "சொல்லுங்க, நான் எழுதிக்கிடுதேன். பேரு?"

"ஹுதைஃபா" என்றார் வாவு.

பேனா நின்றது. வாவு தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அவர் கண் கலங்கியதை உம்மா மௌத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்த அம்மாவும் பார்த்துவிட்டு, தண்ணீர் கிளாஸை அவர் பக்கம் தள்ளினார்.

"சாகிபு. வாவு சாகிபு" என்றார் கொஞ்சம் கழித்து.

கையெழுத்துப் போட்டார். மேடம் சொன்னது இதுதான். இந்த வாக்குமூலம் மேலே போகும். போலீஸில் கொடுப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வார்கள், தன் கையில் இல்லை. போன காசு திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது. மிச்சக் காசு வேண்டுமென்றால் ஹுதைஃபா பாஸ்போர்ட்டோடு நேரில் வந்து, தான்தான் ஹுதைஃபா என்று காட்ட வேண்டும். இனி போனில் எதுவும் நடக்காது.

வெளியே வந்தோம். வெயில் கொளுத்தியது. ஜும்ஆ தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பேங்க் வாசலிலேயே நின்று ஹுதைஃபாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னோம். அவன் கணக்குப் போட்டுச் சொன்னான்.

"கையெழுத்துப் போட்டா அடுத்த வருசம்தான் லீவு. அதுவரைக்கும் காசு முடங்கிக் கெடக்கும். போடாம வந்தா வேலையும் இல்ல, கடையும் இல்ல. நாளைக்குள்ள சொல்லணும். நான் என்ன செய்யட்டும் காக்கா? நீங்களே சொல்லுங்க."

வாவு வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இவர் மறுபடி எதையாவது சொல்லிவிடப் போகிறாரே என்று சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"இதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன் தம்பி" என்று சொல்லி, போனை ருமைஸாவிடம் நீட்டினார்.

அவள் வாங்கினாள். "வந்துருங்க" என்றாள். ஒரே வார்த்தை. அவன் ஏதோ சொன்னான். "கஞ்சி குடிச்சாலும் சரி, வந்துருங்க. எனக்கு நீங்க வேணும்" என்று நடுத்தெருவில் நின்று அழுதாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் அவள் பக்கத்தில் நின்றேன்.

அவன் வந்தான். பெட்டியை வீட்டில் வைத்த மறுநாளே பாஸ்போர்ட்டோடு பேங்குக்குப் போனான். பதிவான குரலைப் போட்டுக் காட்டி, இது உங்கள் குரலா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் வாவுவுக்கு என்ன ஆகுமோ என்று அவன் தயங்கினானாம். கூடப் போயிருந்த வாவுவே, "சொல்லு தம்பி, என் குரல்னு சொல்லு" என்றாராம். மிச்சக் காசு விடுபட்டது. பின்னால் போன இரண்டு தொகையையும் நாளாவட்டத்தில் பேங்க் திருப்பிக் கொடுத்தது. போலீஸில் கொடுக்கவில்லை, எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். ஆனால் அந்த முதல் தொகை, வாவு ஆமென்று சொன்ன தொகை, வரவே இல்லை. உங்கள் நம்பரை நீங்கள்தானே இன்னொருவர் கையில் கொடுத்தீர்கள் என்று ஹுதைஃபாவுக்கு எழுதிவிட்டார்கள்.

மெயின் ரோட்டுக் கடை எப்போதோ கைமாறிப் போயிருந்தது. கிடைக்கிற சின்னக் கடைக்கும் முதல் பற்றவில்லை. ஹுதைஃபா பழைய கம்பெனிக்குப் போன் போட்டான். பிளாண்ட் ஸ்டோரில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்றார்கள். அவன் பெட்டியைத் திரும்ப இறக்கித் தூசி தட்டினான். அந்தச் சின்னப் பிள்ளை பெட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இப்போதுதான் அது வாப்பாவின் தோளில் ஏறிப் பழகியிருந்தது.

வாவு அதைப் பார்த்துவிட்டு வந்தார். ராத்திரிச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஸ்டோர் வேலை எனக்குத் தெரிஞ்ச வேலை பதுரு. அவன் கம்பெனியில நான் பேசிட்டேன். எனக்கு விசா தரேன்னுட்டாங்க. நம்ம கடையை ஹுதைஃபா பாக்கட்டும்."

நான் கத்தின கத்தில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது. இந்த வயசில் பிளாண்டா? சுகர் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பார்? எவனோ திருடினதுக்கு நான் ஏன் தனியாகக் கிடக்க வேண்டும்? எல்லாம் கேட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

"அவன் வந்தது நெலைக்கணும்" என்றார். தட்டை நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனார்.

ஹுதைஃபா வந்து காலில் விழாத குறையாக வேண்டாம் என்றான். ருமைஸா அழுதாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். வாவு கடைச் சாவியை ஹுதைஃபா கையில் வைத்து, அவன் விரலை மடக்கி மூடினார். போவதற்கு முன்னால் ஒன்பது வீட்டுக்கும் நடந்துபோய், இனி பேங்க் போன் வந்தால் தெரியாது என்று சொல்லி வையுங்கள், கார்டு நின்றால் நிற்கட்டும் என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தார். திருவனந்தபுரத்தில் பிளைட் ஏறும்வரை நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகு பேச வேண்டியது எல்லாம் ஞாபகம் வந்தது.

இப்போது தினம் காலையில் எங்கள் கடை ஷட்டரை ஹுதைஃபா தூக்குகிறான். பிள்ளை, "வாப்பா, நானும் வாரேன்" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது. அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமும் வருகிறது, வயிற்றெரிச்சலும் வருகிறது. உண்மையைச் சொன்னால், வயிற்றெரிச்சல்தான் கொஞ்சம் கூட.